சுவரில் விழித்திருந்த மாப்பிள்ளை

வீட்டில் ஒருவர் கம்ப்யூட்டர் படித்துவிட்டால் போதும், மிக்ஸி ஓடாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இரணியல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கும் எனக்கு இதில் வருத்தமே கிடையாது. உண்மையைச் சொன்னால் உள்ளூரப் பெருமைதான். அந்தப் பெருமை என் பெற்றோரின் ஐம்பதாவது கல்யாண நாளில், சபைக் கூடத்தில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் குப்புற விழுந்தது.

முதலில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உள்ள வழக்கைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தன்று போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது மாப்பிள்ளை தூங்கிவிட்டார், நான்தான் கிள்ளி எழுப்பினேன் என்பது அம்மாவின் குற்றச்சாட்டு. கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தேன் என்பது அப்பாவின் வாதம்.

“ஜெபம் பண்ணுனா கொறட்ட வருமா?” என்பாள் அம்மா.

“அது கொறட்ட இல்லட்டி, ஆமென்” என்பார் அப்பா.

நான் பிறந்ததிலிருந்து இந்த வழக்கு நடக்கிறது. இரு தரப்பும் நம்பியிருந்தது ஒரே சாட்சியை. அப்பாவின் நண்பர் ஒருவர் அந்தக் காலத்தில் சென்னையில் செய்திப்படம் எடுக்கும் இடத்தில் உதவி கேமராமேனாக இருந்தார். மிச்சம் விழுந்த பதினாறு மில்லிமீட்டர் கறுப்பு வெள்ளைச் சுருளைக் கொண்டுவந்து கல்யாணத்தைப் படம் பிடித்துக் கொடுத்தார். ஆனால் கொடுத்தது நெகட்டிவ் மட்டும். பிரிண்ட் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றாராம். அந்தப் ‘பிறகு’ ஐம்பது வருஷமாக வரவேயில்லை. சுருள் ஒரு பிஸ்கட் டப்பாவில், அம்மாவின் வெள்ளைக் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்தது. அம்மா தன் கல்யாணத்தைப் பார்த்ததே கிடையாது.

“நான் வீடியோவா மாத்தித் தாறேன். பொன்விழா அன்னைக்கு எல்லாரும் பாக்கட்டும்” என்றேன் நான்.

அம்மா யோசித்தாள். “நெகட்டிவ்ன்னா நல்லதுதான மக்கா? கொரோனா சமயத்துல நெகட்டிவ்ன்னு வந்தாத்தான சந்தோசப்பட்டோம்?”

நான் டீச்சர் அல்லவா, விளக்கினேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழாக இருக்கும், கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரியும், அதைத் திருப்பினால்தான் படம். (இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவள் செய்த காரியத்தைத்தான் இனிமேல் பார்க்கப் போகிறீர்கள்.)

சென்னை ஸ்டுடியோவில் விசாரித்தேன். அவர்கள் கேட்ட தொகைக்கு இன்னொரு கல்யாணமே நடத்திவிடலாம் போலிருந்தது. மலிவாகச் செய்வது எப்படி என்று இணையத்தில் தேடினேன். டேப்லெட்டில் வெறும் வெள்ளைத் திரையை ஒளிரவிட்டு, அதன்மேல் ஃபிலிமை வைத்து, ஒவ்வொரு கட்டமாகப் போட்டோ எடுத்துக் கோர்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். எடுத்துப் பார்த்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க எடுத்ததில் மணப்பெண் காரிலிருந்து ஒரு கால் வெளியே வைத்திருந்தாள். அவள் ஆலயத்துக்குள் நுழைவதற்குள் நான் ரிட்டயர் ஆகிவிடுவேன் என்று தெரிந்தது.

அப்போதுதான் சபையின் சாமான் அறை ஞாபகம் வந்தது. ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் வேதாகமப் படம் காட்டிய பழைய புரொஜெக்டர் அங்கே தூசியில் இருந்தது. ஃபிலிமைப் பொசுக்கிவிடும் பழைய பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. டார்ச்சை உள்ளே பொருத்தினார் என் கணவர். ஒரு வெள்ளை அட்டையில் சின்னதாகப் படம் விழ, அதை எடுக்க அவருடைய பழைய போனைக் கீர்த்தனைப் புத்தக அடுக்கின்மேல் சாய்த்து வைத்தேன். படம் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஓடும் வேகத்தைத் திருகிக் குறைத்ததும் அடங்கியது.

மிச்சம் இருந்தது திருப்பும் வேலை மட்டும்தான். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. போனில் கண்பார்வை குறைந்தவர்களுக்காக ஒரு வசதி உண்டு. அதை அமுக்கினால் திரையில் உள்ள நிறமெல்லாம் தலைகீழாகிவிடும். அமுக்கினேன். கேமராவைத் திறந்தேன். ஆஹா! வெள்ளைப் புடவையில் அம்மா, கறுப்புக் கோட்டில் அப்பா. தனியாக ஒரு பைசா செலவில்லாமல் நெகட்டிவ் பாசிட்டிவ் ஆகிவிட்டது. இணையத்தில் இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே, பாவம் என்று நினைத்தேன்.

எடுத்த வீடியோவை அதே போனில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிரசங்கம் நடக்கிறது. அப்பாவின் தலை மெல்லச் சரிகிறது, சந்தேகமே இல்லை, சுகமான தூக்கம். அம்மா போதகரைப் பார்த்தபடியே கையை நகர்த்தி முழங்கைக்கு மேல் ஒரு கிள்ளு கிள்ளுகிறாள். தீர்ப்பு என் கையில் இருந்தது. யாருக்கும் காட்டவில்லை. “நீ ஒரு தடவ பெரிய திரையில போட்டுப் பாத்தா என்ன?” என்று கணவர் கேட்டார். கம்ப்யூட்டர் டீச்சரிடம் கேட்கிற கேள்வியா இது என்று முறைத்தேன்.

பொன்விழா அன்று ஸ்தோத்திர ஆராதனை முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். கூடத்தில் இருந்த புதுப் புரொஜெக்டரில் பென் டிரைவைச் செருகினேன். சின்னதாக ஒரு பேச்சும் பேசினேன். இருக்கிற சாமானை வைத்துச் செலவில்லாமல் எதையும் செய்யலாம் என்பதுதான் அதன் சாரம். விளக்கை அணைத்தார்கள். படம் சுவரில் விழுந்தது.

கன்னங்கரேல் என்ற முகத்தோடு, நரைத்த தலையோடு, கறுப்புப் புடவை கட்டிய ஒரு பெண் காரிலிருந்து இறங்கினாள்.

“யம்மா, பேய்!” என்று முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது.

தலைகீழானது போனின் திரை மட்டும்தான், எடுத்த வீடியோ அல்ல என்ற எளிய உண்மை அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வகுப்பில் யாராவது இப்படிச் செய்திருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன். வெள்ளைக் கோட்டில் வெள்ளை முடியோடு அப்பா நடந்துவந்தார். போதகரின் வெள்ளை அங்கி கரியாக நின்றது.

“கொள்ளாம்! அம்பது வருசம் கழிச்சு வரப்போற நரைய அன்னைக்கே எடுத்திருக்கான் பாரு” என்றார் அப்பா. கூடம் சிரித்தது.

பிரசங்கம் வந்தது. மூடிய கண்களின் மேல் விழுந்திருந்த நிழலெல்லாம் நெகட்டிவில் வெளிச்சமாகிவிட்டது. அப்பாவின் இரண்டு கண்களும் டார்ச் லைட் மாதிரி ஜொலித்தன.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். “பாத்தியளா எல்லாரும்? எனக்க கண்ணப் பாத்தியளா? இது ஒறங்குத ஆளுக்க கண்ணா?”

கைதட்டல் கூரையைத் தொட்டது. அம்மா என் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, என்னத்தயாட்டி காட்டி வச்சிருக்க?” குரல் உடைந்திருந்தது. தோற்றதற்காக இல்லை. ஒரே ஒரு தடவை தன்னைக் கல்யாணப் பெண்ணாகப் பார்க்க ஆசைப்பட்டவளுக்கு நான் பேயைக் காட்டியிருந்தேன். எனக்கு அழுகை வந்தது.

பையைத் துழாவினேன். அந்தப் பழைய போன் கிடைத்தது. அதில் வீடியோவை வைத்துக்கொள்ள இடமில்லாமல் அன்று காலையில்தான் அழித்திருந்தேன். ஆனால் தலைகீழாக்கும் வசதி அப்படியே இருந்தது. கேமராவைத் திறந்து அம்மாவின் கையில் கொடுத்தேன். “இது வழியா சுவத்தப் பாரும்மா” என்று சொல்லிவிட்டு, ஓடிப்போய்ப் படத்தை முதலிலிருந்து போட்டேன்.

பேய் மறைந்து, உள்ளங்கைக்குள் கல்யாணப் பெண் இறங்கினாள். அம்மா மூச்சு விடாமல் பார்த்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிரசங்கம், சரியும் தலை, கிள்ளு. அப்பா திடுக்கிட்டு விழித்து, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, பிடிபட்ட கள்ளனைப் போல ஒரு சிரிப்புச் சிரித்தார். அம்மா அன்றைக்குப் போதகரையே பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தச் சிரிப்பை அவள் கண்டதேயில்லை.

“எனக்குத் தெரியாமப் போச்சே மக்கா” என்றாள் என் காதில்.

“என்ன? போன்ல என்ன தெரியுது?” கூடமே கேட்டது. அப்பாவின் முகத்தில் முதல்முறையாகக் கலவரம்.

அம்மா போனை அணைத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். “அவரு ஒறங்கல்ல. ஜெபம்தான் பண்ணியிருக்காரு” என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, “ஆமென்” என்றாள்.

மறுநாள் ஓர் இலவசச் செயலியில் ஒரே தட்டலில் வீடியோவை ஒழுங்காகத் திருப்பினேன். அதை அம்மா மட்டும் வைத்திருக்கிறாள், மதியம் அப்பா தூங்கும்போது பார்க்கிறாள். மற்றவர்களுக்குச் சுவரில் கண்டதுதான் சரித்திரம். எங்கள் குடும்பத்தில் யார் ஆராதனையில் கண்ணசந்தாலும் இப்போது ஆமென் என்றுதான் எழுப்புகிறார்கள்.

என் கதைதான் பாவம். மழை வரும் என்று சொன்னாலும் சரி, மார்த்தாண்டத்துக்கு பஸ் போய்விட்டது என்று சொன்னாலும் சரி, வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. ஒரே கேள்விதான்.

“ஏட்டி, நீ சுவத்துல பாத்தியா, போன்ல பாத்தியா?”