பதினான்கு வேகத்தடைகளும் பிரெஞ்சுக்காரரும்

ஹோம்புஷ் என்ற வெளிநாட்டுப் புறநகரில் இருந்தபடியே பிரான்ஸ் நாட்டைச் சொந்தம் கொண்டாடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் அடுக்குமாடியின் இரண்டாம் தளத்தில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பிரான்ஸ் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. ஆனாலும் அவரைப் பிரெஞ்சுக்காரர் என்றுதான் சொல்வோம். காரணம், அவருடைய ஐம்பது வயதுப் பிரெஞ்சுக் கார்.

சாவியைத் திருப்பினால் அது உடனே கிளம்பாது. மாடு எழுவதுபோல் முதலில் பின்பக்கம் உயரும், பிறகு முன்பக்கம். கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன்: நாற்பது விநாடி. அதற்குள் அவர் காரின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கிவிடுவார். முகப்பிலுள்ள இரண்டு அம்புமுனைகளும் பல்சக்கரத்தின் பற்கள். அந்தக் கம்பெனிக்காரர் முதலில் செய்தது பல்சக்கரம்தான். ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும் விளக்கு, வில்லுக்குப் பதில் எண்ணெயும் வாயுவும் தாங்கும் சக்கரம், எல்லாம் அவர்கள் மூளை. உழுத வயலில் ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டை உடையக்கூடாது என்று ஒரு காரையே வடிவமைத்தார்களாம். இந்த முட்டைக் கதையை மட்டும் முப்பத்தொரு தடவை கேட்டேன்.

கோயிலில் வாகன பூசையன்று, கற்பூரம் காட்டும்போது மரியாதைக்காக எஞ்சினை நிறுத்தினார். கார் மெதுவாகத் தாழ்ந்து பணிந்தது. பின்னால் நின்ற அன்ரி ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

போன வருடம் எனக்கு முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை. குலுங்கவே கூடாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து வீடுவரை பதினான்கு வேகத்தடைகள். உதிரிப்பாகம் கிடைக்காத காரை விற்றுவிடும்படி பிரெஞ்சுக்காரரின் மகள் நெருக்கிக்கொண்டிருந்த நேரம் அது. அவர் நேராக என் கட்டிலருகே வந்துவிட்டார்.

"என்ர காரில வாங்கோ ஐயா. நீங்கள் கணக்குப் பிழைக்காத ஆள். ஒருக்கால் குலுக்கினாலும் மகளிட்டச் சொல்லுங்கோ, நாளைக்கே வித்துப்போடுறன்."

மகளிடமும் அப்படியே வாக்குக் கொடுத்திருந்தார்.

அன்று வழியில் வரலாறு இல்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஓட்டினார். முதல் பத்துத் தடைகள் வந்ததே தெரியவில்லை. பதினொன்றில் முதுகுக்குள் மின்னல் வெட்டியது. பதின்மூன்றில் இன்னொன்று. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வாசலில் மகள் நின்றாள். "எத்தினை தரம் அங்கிள்? ட்ரூத் சொல்லுங்கோ."

அவர் திரும்பவில்லை. பின்புறக் கண்ணாடியில் அவர் கண்கள் மட்டும் தெரிந்தன.

"ஒரு தடவைகூட இல்லைம்மா" என்றேன்.

எழுபத்தெட்டு வயதில், தெரிந்தே நான் தப்பாகச் சொன்ன கணக்கு அது ஒன்றுதான். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.