வாத்தியார் வீட்டு நாயும் நம் வாசலும்

திருக்காட்டுப்பள்ளி,
மார்கழி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள பொன்னுத்தாய்க்கு,

உன் வீட்டுக்காரன் வீரையன் எழுதிக்கொண்டது. இங்கே நம் வாசல் ஒன்று நீங்கலாக மற்றதெல்லாம் சௌக்கியம். அங்கே பூனாவில் நீயும், மகள் தமிழ்நிலாவும், மாப்பிள்ளையும், பேத்தியும் குளிரில் மூக்கு ஒழுகாமல் இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

தினமும் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். எங்கே பேசுகிறோம்? நீ முகத்தைக் காட்டி "என்னங்க" என்பதற்குள் பேத்தி ஒரு உதை விடுகிறாள், போன் மல்லாந்து விழுகிறது, அதன் பிறகு நான் பார்ப்பதெல்லாம் உங்கள் வீட்டு மின்விசிறியைத்தான். பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்த காலம் போய், தாயை மகள் வீட்டுக்கு அனுப்பும் காலம் வந்துவிட்டது என்று உன்னை ஆடியில் ரயிலேற்றினேன். மூன்று மாதம் என்றார்கள். போனவாரம் தமிழ்நிலா போனை எடுத்து, "அப்பா, தையோட எனக்கு லீவு முடியுது. பாப்பாவ வேற யார்கிட்டயும் விட மனசில்ல. அம்மா இன்னும் ஆறு மாசம் இங்கயே இருக்கட்டுமாப்பா?" என்று கேட்டாள். நானும் பெரிய வள்ளல் மாதிரி, "அதுக்கென்னம்மா, தாராளமா இருக்கட்டும். இங்க எனக்கு என்ன கொறை?" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுப் போனை வைத்தவன் அன்றைக்கு உலை வைக்கவில்லை. அந்தக் குறை என்ன என்பதைத்தான் இப்போது எழுதப்போகிறேன். தமிழ்நிலாவுக்கு வாசித்துக் காட்டிவிடாதே.

தெருமுனை வீட்டு நெடுஞ்செழியன் வாத்தியார் இருக்கிறார் இல்லையா, வகுப்பில் ஒரு காகிதத் துண்டு கிடந்தால் பையன்களை வரிசையாக நிறுத்தி வைத்தவர், அவருடைய மகன் இனியவன் ஓசூருக்கு வேலைக்குப் போகும்போது தான் ஆசையாக வளர்த்த லாப்ரடார் நாயை அப்பா கையில் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டான். பெயர் வேந்தன். பெயருக்கேற்ற உடம்பு, உடம்புக்கேற்ற தீனி, தீனிக்கேற்ற மற்றது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்து தெருவே சேறாகக் கிடந்ததால் எதை யார் செய்தார்கள் என்று தெரியவில்லை. மார்கழி பிறந்த அன்று விடியற்காலை பால் வாங்குவதற்காகத் தூக்குவாளியோடு வெறுங்காலில் கேட்டைத் திறந்து ஒரு அடி வைத்தேன். இரண்டாவது அடியை நான் வைக்கவே இல்லை, அதுவே என்னைக் கொண்டுபோய்விட்டது. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பக்கத்து வீட்டு அனுசுயா கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் மாவுக் கையோடு ஓடிவந்து, "அய்யய்யோ அண்ணே, அடி பட்டுதா?" என்று தூக்கவந்தாள். கிட்டே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போய் நின்று, "மெதுவா நீங்களே எந்திரிச்சுடுங்கண்ணே" என்றாள். இடுப்பில் தைலம் தேய்க்க எனக்கே கை எட்டவில்லை. நீ இருந்திருந்தால் திட்டிக்கொண்டே தேய்த்திருப்பாய். அந்தத் திட்டு இல்லாமல் தைலம் பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

மறுநாள் இருட்டோடு எழுந்து, கண்டக்டர் வேலையில் இருந்தபோது வைத்திருந்த என் பழைய விசிலைத் தேடி எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வேந்தன் முன்னால் வர, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் பின்னால் ஓடிவந்தார். நம் வாசல் பக்கம் மூக்கு திரும்பியதும் நான் பதறிப்போய் விசிலை ஊதினேன். எத்தனை வருஷப் பழக்கம், ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும் என்று எனக்குத் தெரியாதா? பதற்றத்தில் ஒன்றுதான் அடித்தேன். அதுவும் நின்றது. நின்ற இடத்திலேயே ஆகவேண்டியது ஆகிவிட்டது. அப்புறம் நான் இரண்டாவதாக ஊதி என்ன பயன்?

"அட, வீரையன்! ஊர்லதான் இருக்கீங்களா?" என்று வாத்தியார் திடுக்கிட்டார்.

"எங்க போவேன் சார்? இத்தன வாசல் இருக்கற தெருவுல உங்க வேந்தனுக்கு என் வாசல்தான் கெடச்சுதா?"

"கோவிச்சுக்காதீங்க. மார்கழி மாசம், எல்லா வாசல்லயும் கோலம் போட்டுப் பூசணிப்பூ வச்சிருக்காங்க. அங்கல்லாம் கொண்டுபோயி நிறுத்த முடியுமா? இழுத்துக்கிட்டே வர்றேன். தெருவுலயே வெறும் வாசல் இது ஒண்ணுதான். அவனும் எவ்வளவு நேரம் அடக்குவான்?"

"அள்ளிட்டாவது போகலாம்ல சார்?"

"கோலமே இல்லையேன்னு, நீங்களும் அவங்களோட பூனாவுக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன், வீரையன். ஆளில்லாத வீடுதானேன்னு விட்டுட்டேன்."

பொன்னுத்தாய், ராத்திரி நம் வீட்டில் விளக்கு எரிகிறது, டிவி ஓடுகிறது, கொடியில் என் வேட்டி காய்கிறது. வாசலில் உன் கோலம் இல்லை என்ற ஒரே காரணத்தால் தெருவின் கணக்கில் நான் ஊரிலேயே இல்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவர் சொன்னது சரிதானோ என்றுதான் தோன்றியது. வாத்தியார் நல்ல மனுஷர், உடனே அள்ளுவதற்குக் குனிந்தார், முதுகு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கடைசியில் அவர் பையைப் பிடிக்க, நான்தான் மண்வெட்டியால் அள்ளிப் போட்டேன். "அம்மா எப்ப வர்றாங்க?" என்று கேட்டார். "வந்துடுவாங்க சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. நாய்க்கு இடம் பழகிவிட்டது. வாத்தியார் வேறு பக்கம் இழுத்தால் அது அவரைத் தூக்கிக்கொண்டு நம் வாசலுக்கு வருகிறது. யாரோ சொன்னார்களே என்று பாட்டிலில் தண்ணீர் பிடித்து, சொட்டு நீலம் கலந்து, கேட் ஓரத்தில் வரிசையாக வைத்தேன். நீல நிறத்தைப் பார்த்தால் நாய் அண்டாதாம். வேந்தன் வந்து ஒவ்வொரு பாட்டிலாக முகர்ந்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காலைத் தூக்கிவிட்டு, அப்புறம்தான் முக்கியமான காரியத்துக்கு உட்கார்ந்தது. முன்னே ஒன்றுதான், இப்போது இரண்டும் நம் வாசலில் என்று ஆகிவிட்டது.

சரி, கோலம் இருந்தால்தானே வராது, நாமே போட்டுவிடுவோம் என்று கோலமாவு வாங்கிவந்தேன். வாசல் தெளித்தேன், புள்ளி வைத்தேன். நீ பேசிக்கொண்டே, பார்க்காமலே, விரலிடுக்கில் மாவை விடுவாயே, அது எப்படி? எனக்கு ஒரு புள்ளி மிளகளவு வந்தால் அடுத்தது இட்லியளவு வந்தது. கோடு இழுத்தால் போன கோடு திரும்பி வரமாட்டேன் என்கிறது. அனுசுயா வேலியோரம் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க, இது என்ன தஞ்சாவூர் பஸ் போற ரூட்டா?" என்று கேட்டாள். அப்போதுதான் வேந்தனும் வந்தது. ஒரு சுற்று சுற்றிப் பார்த்தது. பிறகு நட்டநடுவில் உட்கார்ந்தது. வாத்தியாருக்கு என் முகத்தைப் பார்க்கவே சங்கடம். "அவன் இதக் கோலம்னு நெனைக்கல போலருக்கு, வீரையன்" என்றார்.

அனுசுயா தங்கமானவள். "நான் என் வாசலுக்குப் போடும்போது அப்படியே உங்களுதுக்கும் போட்டுடறேண்ணே, அஞ்சு நிமிஷ வேலை" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். ஏன் என்று அவளுக்குச் சொல்ல முடியவில்லை, உனக்குச் சொல்கிறேன். இன்னொருத்தர் கைக்கோலம் அங்கே விழுந்துவிட்டால், நீ இல்லாமலும் இந்த வீடு நடக்கிறது என்று ஆகிவிடும். அதற்கு நாய் அசிங்கம் செய்துவிட்டுப் போவதே எவ்வளவோ மேல். தினமும் அள்ளிக் கழுவிவிட்டு, ஈரம் காயும்வரை நின்று பார்க்கிறேன். நீ குனிந்து நிமிர்ந்து பின்னால் நகர்ந்து நகர்ந்து வருவாய், முந்தானையை இடுப்பில் செருகியிருப்பாய், பின்னால் நான் நிற்பது தெரியாமல் இடித்துக்கொண்டு, "மரமாட்டம் நிக்கிறீங்களே, நகருங்களேன்" என்பாய். இப்போது எங்கே நின்றாலும் என்னை நகரச் சொல்ல ஆளில்லை.

நீங்களும் இங்கே வந்துவிடுங்கள் என்கிறாய். வரலாம்தான். நம் வயலில் சம்பா பால் பிடித்து நிற்கிறது, அதை விட்டுவிட்டு எப்படி வருவது? அறுப்பு முடித்து வந்தாலும் அந்தப் பதினோராவது மாடியில் நான் என்ன செய்வேன்? போன தடவை வந்தபோது லிப்டில் ஏறுகிறவர்களையெல்லாம் "எங்க எறங்கணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்று மாப்பிள்ளை இன்னும் சொல்லிச் சிரிக்கிறாராமே.

ஆகவே விஷயம் இதுதான். என் பொருட்டு நீ அவசரப்பட வேண்டாம், பேத்திதான் முக்கியம். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். ஆனால் நாய்த் தொல்லை ஒரு பெண்பிள்ளை வந்து கோலம் போட்டாலொழிய நிற்காது என்று வாத்தியாரே சொல்லிவிட்டார். வீட்டு நன்மையை உத்தேசித்து, பொங்கலுக்கு ஒரு நடை வந்து, வாசலைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வேண்டுமானால் திரும்பிப் போ. தமிழ்நிலாவிடம் நாயைக் காரணம் சொல், என்னைச் சொல்லாதே.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். பேத்தியின் இரண்டு உள்ளங்காலிலும் எனக்காக ஒவ்வொரு முத்தம் கொடு, போனை உதைக்கிற காலுக்கு மட்டும் கூட ஒன்று.

இப்படிக்கு,
உன்,
வீரையன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டித் தபாலில் போடாமல் வைத்திருந்து இப்போது பிரித்து எழுதுகிறேன். நேற்று இனியவன் கார் எடுத்துக்கொண்டு வந்து வேந்தனை ஓசூருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான். இன்று காலை வாத்தியார் பழக்கத்தில் தனியாக நடந்து வந்து நம் வாசலில் சற்று நின்றார், "வாசல் சுத்தமா இருக்கு, வீரையன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சுத்தமாகத்தான் இருக்கிறது. அள்ள ஒன்றுமில்லை, சண்டைபோட ஆளுமில்லை, மண்வெட்டியை வைத்துக்கொண்டு நான்தான் நின்றுகொண்டிருந்தேன். ஆகையால் மேலே எழுதிய காரணம் எதுவும் இனி செல்லாது. நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று எழுதியதும் செல்லாது. உன்னைக் கூப்பிட என்னிடம் இப்போது ஒரு சாக்கும் இல்லை. சாக்கில்லாமலே கூப்பிடுகிறேன். வந்துவிடு.