மூணுசுழி அண்ணாச்சி போட்ட வரவேற்பு

கம்ப்யூட்டருக்கு மரியாதை கற்றுக்கொடுக்கவென்றே பிறந்த ஒரே மனிதர் எங்கள் மூணுசுழி அண்ணாச்சிதான். பாளையங்கோட்டையில் நான் வேலைபார்க்கும் சிறிய மென்பொருள் கம்பெனியில் சர்வர்களைப் பராமரிப்பவர்.

சர்வருக்குள் நுழைய பாஸ்வேர்டு கொடுத்தால் வெறும் கறுப்புத் திரைதான் வரும். அண்ணாச்சிக்கு அது பொறுக்காது. "வந்தவங்கள வாசல்ல நிறுத்தி நீ யாருன்னு கேக்குது. உள்ள விட்டப்புறமாவது வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுதா?" என்பார். அந்தத் திரையில் தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறும். அதனால் # குறிகளைச் செங்கல்போல அடுக்கிப் பெரிய பெரிய எழுத்துகளாகக் கட்டத் தொடங்கினார்.

முதலில் 'வணக்கம்'. ண மட்டுமே பாதித் திரையை அடைத்துக்கொண்டது. 'ம்' அடுத்த வரியில் போய் அநாதையாக விழுந்தது.

"ஒரு சுழியக் குறைங்க அண்ணாச்சி."

"குறைச்சா ரெண்டுசுழி ன ஆயிரும்லா! வந்தவங்களத் தப்பும் தவறுமாவா கூப்பிட?"

அன்றுதான் அந்தப் பெயர் அவருக்கு வந்தது.

கடைசியில் இடம் போதாமல், 'வாடா' என்பதற்கு எங்கள் ஊரில் சொல்கிற 'வாலே'யைப் போட்டுவிட்டார். கச்சிதமாக அமைந்தது. "பொம்பளைங்க எங்களுக்கும் லேயா?" என்று கேட்டேன். "பாசத்துல ஆணேது பொண்ணேது" என்றார். சென்னையிலிருந்து சர்வருக்குள் நுழைந்த மேனேஜருக்கு அந்தப் பாசம் புரியவில்லை. அண்ணாச்சிக்குப் போன் வந்தது.

"யார் சார் என்னை லேன்னு கூப்பிடுறது?"

"சர்வர்தான் சார்."

"உங்க வேலை போயிடும், தெரியுமா?"

அண்ணாச்சி முகம் செத்துப்போயிற்று. வீட்டில் இரண்டு பெண்களைப் படிக்கவைக்கிறவர். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவேயில்லை. சாயங்காலத்துக்குள் 'வருக' என்று மாற்றினார். 'ரு' தூண்டில் முள்போல இருந்தாலும் மேனேஜர் சமாதானமானார். இனி அண்ணாச்சி அந்தப் பக்கமே கை வைக்கமாட்டார் என்று நினைத்தோம்.

கொஞ்ச நாளில் என் அம்மா இறந்துபோனாள். காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். என்ன பேசுவதென்று தெரியாமல் எல்லோரும் மானிட்டருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். மலையாகத் தேங்கிக்கிடக்கும் வேலையை நினைத்து, உட்கார்ந்ததும் உட்காராததுமாக பாஸ்வேர்டைத் தட்டினேன்.

எல்லோருக்கும் 'வருக' வரும் இடத்தில், எனக்கு மட்டும் வேறு இரண்டு சொற்கள் நின்றன: 'பைய வா'. மெதுவாக வந்தால் போதுமாம்.

திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி சுத்தமாக இருந்த கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் 'பை' கொஞ்சம் சாஞ்சிருக்கு தாயி. நாளைக்குச் சரிபண்ணிருதேன்."

"இருக்கட்டும் அண்ணாச்சி" என்றேன்.

அது இன்றும் சாய்ந்தேதான் நிற்கிறது. திருத்த நான் விடவில்லை.