புல்லு மாஸ்டரின் அறுகம்புல்

கனடாவின் மொன்றியல் தீவில் புதிதாக ஒரு களை முளைத்தால், அது முதலில் புல்லு மாஸ்டருக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் இரண்டாவது இலை விடும். தமிழ்நாட்டுக்காரர். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள பல்கலைக்கழக விவசாய வளாகத்தில் மேய்ச்சல் நிலங்களையும் களைகளையும் ஆராய்ந்த பேராசிரியர். தொண்ணூறுகளில் அவருடைய கிரீன்ஹவுசில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தார் நாங்கள் வைத்த பெயர்தான் புல்லு மாஸ்டர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

புரோசார்ட் புறநகரில் ஒரு நண்பர் வீடு வாங்கி விருந்து வைத்தார். எல்லோரும் வாசலால் உள்ளே போக, இவர் புல்தரையில் முழங்காலிட்டு, "அடடா, என்ன அருமையான களை! இதை மட்டும் பிடுங்கிடாதீங்க சார்" என்றார். வீட்டுக்காரர் முகம் அன்று முழுவதும் தெளியவில்லை. இன்னொரு நாள் பஸ்ஸில், முன்சீட்டு அம்மாவின் கோட்டில் ஒட்டியிருந்த முள் விதைகளைப் பிய்த்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டார். அந்த அம்மா திரும்பி "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். "இல்லீங்க, நான்தான் மெர்சி சொல்லணும்" என்று தமிழிலேயே சொல்லிக் கும்பிட்டார் மாஸ்டர்.

ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது அறுகம்புல்லில். இந்தப் பனிக்கும் சாகாத அறுகு கிடைத்தால் மாடுகளுக்கு மேய்ச்சல். களையாகிப் பரவினால் தலையிடி. எது என்று பார்க்க வருடாவருடம் கிரீன்ஹவுசுக்கு வெளியே நட்டார். வருடாவருடம் பனி அதைத் தின்றது. கடைசியில் ஒரேயொரு பற்றை, சாப்பாட்டுத் தட்டளவு, பனி கரைந்ததும் பச்சையாக எழும்பியது. பிள்ளை பிறந்த வீட்டுக்காரர் மாதிரி எல்லோரையும் கூட்டிவந்து காட்டினார். எங்கள் கோயிலுக்கு மாலை கட்டும் பரமேஸ் அக்காவிடமும், "நம்ம ஊரு அறுகம்புல்லுதாம்மா!" என்று பெருமையடித்தார். வினையே அதில்தான் தொடங்கியது.

ஆய்வைத் தொடர விடுவதா, மூடுவதா என்று முடிவு செய்யும் குழு அந்தப் பற்றையைப் பார்க்க வருகிற நாள். காலையில் போய்ப் பார்த்தால் பற்றை மொட்டை! மாஸ்டரும் நானும் குனிந்து தடவிப் பார்க்க, பட்டுச்சேலையும் பாத்திரமுமாக வந்தார் பரமேஸ் அக்கா.

"மாஸ்டர், இண்டைக்குப் பிள்ளையார் சதுர்த்தியெல்லோ! இவ்வளவு வருசமும் பார்க்கில பிடுங்கின ஏதோ புல்லைச் சாத்தி அவரை ஏமாத்திப் போட்டம். இந்தமுறை விடியவே வந்து உங்கட புல்லை வெட்டினனான். இந்தாங்கோ மோதகம்."

மாஸ்டர் மோதகத்தைப் பார்த்தார். மொட்டையைப் பார்த்தார்.

"எதால வெட்டினீங்க?"

"கத்தரிக்கோலாலதான். வேரில கைவைக்கேல்லை."

"அப்ப சரி" என்று மோதகத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

குழு வந்ததும் மாஸ்டர் எதையும் மறைக்கவில்லை. கோயிலுக்கு வெட்டிவிட்டார்கள், மாடு மேய்ந்தாலும் இப்படித்தான் இருக்கும், பனியைத் தாங்கிய புல் இதையும் தாங்குகிறதா என்று இரண்டு வாரம் கழித்து வந்து பாருங்கள் என்றார். தலைவர் ஒரு மோதகத்தை எடுத்துக்கொண்டு சம்மதித்தார்.

அந்த இரண்டு வாரமும் மாஸ்டர் சாப்பாட்டைக்கூடப் பற்றைக்குப் பக்கத்தில் குந்தியிருந்துதான் சாப்பிட்டார். விஷயம் தெரிந்து பதறிப்போன பரமேஸ் அக்கா பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார். குழு திரும்பி வந்தபோது புல் முன்னைவிட அடர்த்தியாக நின்றது. ஆய்வு பிழைத்தது.

மாஸ்டர் நேரே கோயிலுக்குப் போய் பரமேஸ் அக்காவைத் தேடினார். திட்டு விழப்போகிறது என்று அக்கா தூணோடு ஒட்டி நின்றார். "இனிமே வருஷா வருஷம் நீங்கதாம்மா வந்து வெட்டணும்" என்றார் மாஸ்டர்.

கோபப்பட எல்லாக் காரணமும் இருந்தும் கோபப்படத் தெரியாத அந்த மனிதரை எங்கள் ஆள் என்று சொல்லும்போது, இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.