சாக்லேட்டுக்குக் காவல்

“சாக்லேட் எங்கப்பா?”

மேஜைமேல் வெறும் தட்டு. நாலு வயதுப் பொடிசு தட்டையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். எரிகிற கட்டடத்துக்குள் அசராமல் நுழையும் தீயணைப்பு வீரரான அப்பா, திருட்டு முழி முழித்தார்.

“நீ சாப்பிடலையா?”

“நீதான் மென்னுக்கிட்டு இருக்க.”

விஷயம் இதுதான். அம்மாவுக்குப் புது வேலை கிடைத்திருந்தது. ஆபீசுக்கு எதிரிலேயே மழலையர் பள்ளி. அங்கே இடம் கிடைத்தால்தான் அம்மா வேலையில் சேர முடியும். அந்தப் பள்ளியில் எழுத்து, எண் எதுவும் கேட்க மாட்டார்கள். குழந்தை முன்னால் ஒரு சாக்லேட்டை வைத்துவிட்டு டீச்சர் வெளியே போவார். திரும்பி வரும்போது அது அங்கேயே இருக்க வேண்டும். அப்பா பக்கத்தில் உட்காரலாம்.

வீட்டில் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் அப்பாவுடையதே. பாலுக்குப் பூனை காவல்.

மறுநாள் கசப்பு சாக்லேட் வாங்கி வைத்தார். கசப்பும் ஒரு ருசிதான் என்று கண்டுகொண்டார். அதற்கடுத்த நாள், உஷாராக, சாக்லேட் தாளில் சோப்புத் துண்டைச் சுற்றி வைத்தார். வைத்ததை மறந்தும் போனார்.

வாயில் நுரையோடு வந்தவரை அம்மா ஏற இறங்கப் பார்த்தாள். “தீயணைக்கிற நுரையை வீட்டுக்கே கொண்டு வந்துட்டீங்களா? சீட் கெடைக்கணும்னா சாக்லேட்டப் பாத்துட்டு சும்மா இருக்கணும். இதுகூட முடியாதா?”

பொடிசுக்கு மனசு கேட்கவில்லை. அப்பாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். “அழாதப்பா. அது சாக்லேட் இல்ல, கல்லுன்னு நெனச்சுக்கோ. கையத் தொடைக்கு அடியில வெச்சுக்கோ. மனசுக்குள்ள பாட்டுப் பாடு.”

“பாடத்தை என்னமா ஒப்பிக்கிறா பாரு!” அப்பா பூரித்துப்போனார்.

தேர்வு நாள் வந்தது. டீச்சர் சாக்லேட்டை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். தாளின் ஓரம் கிழிந்து ஒரு முந்திரி எட்டிப் பார்த்தது. அப்பாவின் தொண்டை ஏறி இறங்கியது. வலது கை தானாகக் கிளம்பியது.

பொடிசு அந்தக் கையைப் பிடித்து அவர் தொடைக்கடியில் செருகினாள். “கல்லு,” என்று கிசுகிசுத்தாள். பிறகு மெல்ல முனகிப் பாடினாள். அப்பாவும் வேர்க்க விறுவிறுக்கச் சேர்ந்து பாடினார்.

கதவு திறந்தது. முந்திரி அங்கேயே இருந்தது.

“சீட் உறுதி,” என்றார் டீச்சர்.

அப்பா பொடிசைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் ஊர்வலம் போனார். வாசலில் காத்திருந்த அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மறுநாளே வேலையில் சேர்வதாகப் போன் செய்தாள்.

பள்ளி திறந்த அன்று, வாசலில் பொடிசு அப்பாவின் கையை விட்டாள். தன் பையைக் கழற்றி அவர் தோளில் மாட்டினாள். தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் போட்டாள். பிறகு டீச்சரிடம் பெரிய மனுஷியாகச் சொன்னாள்:

“அப்பாவ அழாம பாத்துக்கோங்க மிஸ். இந்த சீட்டுக்கு அவரத் தயார் பண்றதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு.”