மனுவுக்கு ஏழு மதிப்பெண்

பயிற்சிப் பெருமான் என்று ஓர் இனம் இருக்கிறது. ஒரு கூடம், நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக் எங்கே கிடைக்கிறதோ அங்கெல்லாம் இது தழைக்கும். தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம், சார்ட் பேப்பர் போதும். பாடம் நடத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்துவது இதன் தொழில். நல்ல குடிமக்களை உருவாக்குவது எப்படி என்பது இதன் சிறப்புப் பாடம். கடைசியாக ஒரு குழந்தையை எப்போது பார்த்தீர்கள் என்று மட்டும் இதனிடம் கேட்டுவிடாதீர்கள். பாவம், சங்கடப்படும்.

எங்கள் வட்டாரத்தில் இந்த இனத்தின் தலைமகன் முனைவர் சவரிநாதன். ராயபுரத்துக்காரர். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மகன் தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் எட்டே எட்டு மாதம் மூன்றாம் வகுப்பு எடுத்தார். அந்த எட்டு மாதம் இன்னமும் அவர் பேச்சில் வந்துகொண்டிருக்கிறது, 'என்னுடைய நீண்ட வகுப்பறை அனுபவத்தில்' என்று. அதற்குப் பிறகு கருத்தாளர், முதன்மைக் கருத்தாளர், கருத்தாளர்களுக்குக் கருத்தாளர், கருத்தாளர்களுக்குக் கருத்துச் சொல்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் தலைவர் என்று ஏறி ஏறி, இப்போது எண்ணூர் போகிற சாலையில் ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துக்கு முதல்வர். அவர் ஒரு படி ஏறும்போதெல்லாம் குழந்தைகள் ஒரு படி தள்ளிப் போனார்கள். யாரும் கவனிக்கவில்லை.

அவரிடம் நான் பதினோரு முறை பயிற்சி பெற்றவன், சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஒன்பதரைக்குப் பயிற்சி என்றால் பத்துக்கு ஆரம்பம். பத்தே காலுக்குள் பின்னூட்டப் படிவத்தை வாங்கிவிடுவார். சாயங்காலம் எல்லோருக்கும் பஸ் பிடிக்கிற அவசரம் என்பதால், பயிற்சி எப்படி இருந்தது என்று பயிற்சிக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுவோம். 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது.' பிறகு காவிரி, வைகை, பாலாறு என்று குழு பிரிப்பார். 'கேள்வி கேட்பவனே குடிமகன்' என்று ஒரு மணி நேரம் பேசுவார். பின்வரிசையில் யாராவது கையைத் தூக்கினால், "கேள்விகளைக் கடைசியில் எடுத்துக்கொள்வோம்" என்பார். கடைசியில் வருவது தேசிய கீதம். அதற்கு நடுவில் கேள்வி கேட்க முடியுமா?

நிறுவனத்தின் காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு சின்ன ஆரம்பப் பள்ளி உண்டு, பயிற்சிக்கு வருகிறவர்கள் பாடம் நடத்திப் பழகுவதற்காக. அதில் படிக்கிற நூற்றுப் பத்துப் பிள்ளைகளும் சாலைக்கு அந்தப்பக்கம் குடியிருப்பவர்கள். நடுவில் கன்டெய்னர் லாரிகள். துறைமுகத்துக்குப் போகிற வரிசை நகரவே நகராது. திரும்பி வருகிறவை நிற்கவே நிற்காது. வேகத்தடை கிடையாது. காவலரும் கிடையாது. போன வருஷம் ஒருநாள் காலையில், இரண்டாம் வகுப்பு ஷாலு தாண்டும்போது ஒரு லாரி அவள் பையை மட்டும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பிள்ளை பிழைத்தது தெய்வாதீனம். அவளுடைய டிபன் பாக்ஸ் தோசை மாதிரித் தட்டையாகிக் கிடைத்தது.

வகுப்பாசிரியை ஐரீன் அன்றைக்கே சாலை அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினார். ஒரு வேகத்தடை, காலையும் மாலையும் ஒரு காவலர், அவ்வளவுதான் கேட்டார். முதல்வர் கையெழுத்து இருந்தால்தான் அலுவலகத்தில் வாங்குவார்கள், பள்ளி அவர் பொறுப்பில் இருக்கிறது. அதில் என்ன கஷ்டம்? 'குடிமகன் மனு எழுதுவது எப்படி' என்ற நூற்று இருபது பக்கப் பயிற்சிக் கட்டகத்தை எழுதியவரே அவர்தான். மனுவையும் தட்டையான டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு, பள்ளியில் சமையல் செய்கிற பூவம்மாவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஐரீன் பயிற்சிக் கூடத்துக்கு வந்தார். என் பதினோராவது பயிற்சிக்காக நான் அங்கேதான் வைகைக் குழுவில் உட்கார்ந்திருந்தேன்.

சவரிநாதன் மனுவை வாங்கினார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. முப்பத்தோரு வருஷப் பழக்கம், கை தானாகப் போகிறது: முதல் வரியில் ஒரு டிக், இரண்டாம் பத்தியில் ஒரு சுழி, ஓரத்தில் 'உணர்ச்சி நன்று, சுருக்கம் தேவை', கடைசியில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வட்டம் போட்டு, பத்துக்கு ஏழு.

"அருமை டீச்சர்," என்றார். "கற்பித்தல் துணைக்கருவி அதைவிட அருமை." டிபன் பாக்ஸை எங்கள் பக்கம் தூக்கிக் காட்டினார். "பாருங்க, செலவே இல்லாம, பிள்ளைகளோட சூழல்ல கிடைக்கிற ஒரு பொருள்."

ஐரீனுக்காக மழைக் கைதட்டல் தட்டச் சொன்னார். முதலில் ஒரு விரல், அப்புறம் இரண்டு விரல், அப்புறம் முழுக் கை, மழை வலுக்கிற மாதிரி. தட்டினோம். நானும் தட்டினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"சார், கையெழுத்து?" என்றார் ஐரீன்.

"ஒன்பது வாங்குங்க, அப்புறம் பார்ப்போம்."

"இன்னா சார், மார்க்கா?" என்றாள் பூவம்மா. "கொயந்த லாரிக்கடியில பூட்டிருக்கும். நீ இன்னான்னா பரீச்ச பேப்பர் மேரி திருத்திக்கினு கீற?"

"நல்ல கேள்வி," என்றார் சவரிநாதன். "கடைசியில் எடுத்துக்கொள்வோம்."

ஐரீன் விடவில்லை. கையெழுத்து இல்லாவிட்டால் என்ன, முதல்வர் கைப்பட எழுதிய மதிப்பெண் இருக்கிறதே என்று அந்த மனுவையே எடுத்துக்கொண்டு சாலை அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரி பாரி, ஒரு காலத்தில் வாத்தியார் வேலைக்குப் படித்தவர். யாரிடம் படித்தார் என்று நான் சொல்ல வேண்டுமா? சிவப்பு மையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்து, மனுவை வரி விடாமல் படித்து, "ஐயா கொஞ்சம் தாராளமாப் போட்டுட்டார்" என்று ஏழு என்பதை அடித்து ஆறாக்கி, தேதியும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அதைப் பார்த்த சவரிநாதனுக்கு வந்ததே கோபம். தன்னிடம் படித்தவன் தன் மதிப்பெண்ணிலேயே கை வைப்பதா? ஊருக்கெல்லாம் மனு எழுதக் கற்றுக்கொடுத்த மனிதர், வாழ்க்கையில் முதல் முறையாகத் தானே ஒரு மனு எழுதினார். மூன்று பக்கம். மறுமதிப்பீடு கோரி. கையெழுத்து, முத்திரை, பதிவுத் தபால். இரண்டே நாளில் பதில் வந்தது: கோரிக்கை ஏற்கப்பட்டது, ஏழு மதிப்பெண் மீண்டும் வழங்கப்படுகிறது. வேகத்தடையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. இவர் கேட்டால்தானே அவர்கள் சொல்வார்கள்?

வெற்றியைக் கொண்டாடாமல் இருக்கலாமா? இருபதடி நீளத்தில் ஒரு பேனர் வந்தது. 'மனு வென்றது, குடிமகன் எழுந்தான்' என்று கொட்டை எழுத்து. நட்டநடுவில், கைகூப்பியபடி, ஆளுயர முனைவர். அதை நிறுவன வாசலில் கட்டினார்கள். டிபன் பாக்ஸைக் கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள். விழா திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு. எனக்கும் அழைப்பு.

அன்று எட்டே முக்காலுக்குப் பிள்ளைகள் அந்தப்பக்கம் வழக்கம்போல் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். லாரிகளும் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தன. உப்புமா கிண்டிக்கொண்டிருந்த பூவம்மா கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள். பேனரின் கயிற்றை அறுத்தாள். ஒரு முனையை ஐரீன் கையில் கொடுத்து வாசலில் நிறுத்திவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கி, நகராத லாரி வரிசை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் நின்றாள். வருகிற லாரிகள் பிரேக் போட்டன. நடுரோட்டில் ஒரு பெரிய மனிதர் கைகூப்பிக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் ஏற்ற மனசு வரும்?

நின்ற லாரிகளுக்குப் பின்னால் சவரிநாதனின் காரும் நின்றது. இறங்கி வேகமாக நடந்து வந்தார்.

"யாரைக் கேட்டு இதைச் செய்றீங்க? அனுமதி வாங்கினீங்களா? மனு கொடுத்தீங்களா?"

"மனுவெல்லாம் நீயே வெச்சிக்க நைனா, ஏழு மார்க்கு வாங்கினது," என்றாள் பூவம்மா. "இத்த கொஞ்சம் இஸ்து புடி. காத்துல உன் மூஞ்சி மடங்குது பாரு."

மடங்கத்தான் செய்தது. கடற்காற்று. அவர் பதறிப்போய்ப் பேனரின் நடுவில் இரண்டு கையாலும் பிடித்துத் தன் முகத்தை நிமிர்த்தினார். பிள்ளைகள் தாண்ட ஆரம்பித்தார்கள். நூற்றுப் பத்துப் பேரும் தாண்டி முடிக்கும்வரை விடாமல் பிடித்திருந்தார், முகம் கசங்கிவிடக் கூடாதே என்று. ஷாலு அவர் பக்கத்தில் வந்ததும் நின்று "வணக்கம் சார்" என்றாள். பதிலுக்குக் கைகூப்ப அவருக்குக் கை ஒழியவில்லை. பேனரில் இருந்த முனைவர்தான் கைகூப்பிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மனிதர்மேல் இரக்கம் வந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

அடுத்த மாதமே 'சாலையும் குடிமகனும்: ஒரு பேனர் அனுபவம்' என்று ஐந்து நாள் பயிற்சி தயாரித்துவிட்டார். திண்டுக்கல்லில் முடிந்துவிட்டது, இப்போது தேனியில் நடக்கிறது. வேகத்தடை இன்னும் வரவில்லை. மனு ஏழிலேயே நிற்கிறது. பேனர் மட்டும் தினமும் சாலையில் இறங்குகிறது. வெயிலில் முனைவரின் முகம் வெளுத்துவிட்டது, 'எழுந்தான்' பாதி கிழிந்துவிட்டது. ஒரு முனை பூவம்மா, மறுமுனை ஐரீன். பூவம்மாவுக்கு உப்புமா அடிப்பிடிக்கிறது, ஐரீனுக்கு முதல் பாடவேளை போகிறது.

இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே வந்துவிட்டீர்கள், நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. படிக்கும்போதே மனசுக்குள் ஏதோ மதிப்பெண் போட்டுக்கொண்டு வந்தீர்கள் இல்லையா? ஆரம்பம் நன்று, நடுவில் கொஞ்சம் இழுவை, பூவம்மா பரவாயில்லை. எனக்குத் தெரியும். ஐரீனின் மனுவை வைகைக் குழுவிலிருந்து எட்டிப் பார்த்தபோது, எட்டு போட்டிருக்கலாமே என்றுதான் நானும் நினைத்தேன்.

எனக்கு எத்தனை போட்டீர்களோ போட்டுக்கொள்ளுங்கள், மறுமதிப்பீடு கேட்க மாட்டேன். நாளைக் காலை எட்டே முக்காலுக்குப் பேனரின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். சிவப்புப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், இரண்டு கையும் தேவைப்படும்.