ரெண்டுபெட்டி அண்ணன் நிறுத்தாத பாட்டு

மலாயாவிலேயே பாட்டை நிற்கவிடாமல் ஓட்டிய முதல் ஆள் எங்கள் காஜா பெராங் வட்டாரத்து ரெண்டுபெட்டி அண்ணன்தான். இன்று கோலாலம்பூர்ப் பிள்ளைகள் இரண்டு இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு டெக்னோ என்கிறார்கள், டிஜே என்கிறார்கள். சுழற்றட்டும். எங்களுக்கு அது சுதந்திரத்துக்கு முன்பே தெரியும்.

கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டுவது அவர் தொழில். மற்றவர்களிடம் ஒரு கிராமபோன் பெட்டி, இவரிடம் இரண்டு. ஒன்றில் பாட்டு முடியும் முன்பே அடுத்ததில் ஊசி இறங்கிவிடும். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்ன என்று நான்கு பேரிடம் விசாரித்தேன். ஐந்து பதில் கிடைத்தது.

குரு யார் என்று கேட்டால் வித்வான் பெயர் எதுவும் சொல்லமாட்டார். ஐஸ் ஆலையைக் காட்டுவார். அதன் சுவரில் காதை வைத்து, உள்ளே இயந்திரம் அடிக்கும் அடிக்குத் தலையாட்டிக்கொண்டு நிற்பார். கோயில் உறுமி, மலாய் ஜோகேட் ஆட்டப்பாட்டு, கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போன ரும்பா நடன இசைத்தட்டு, எல்லாவற்றிலும் அந்த அடியைத்தான் தேடினார். தட்டில் அது ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அங்கே ஆணியால் ஒரு கீறல் போடுவார். ஊசி தடுக்கித் தடுக்கி அதே இடத்தையே அடித்துக்கொண்டிருக்கும்.

செமாபோக்கில் ஒரு கல்யாணம். பெண்ணின் தாய்மாமன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“யோவ், பாட்டு மாட்டிக்கிச்சு, பாரு!”

“மாட்டிக்கல மாமா, நான்தான் மாட்டி வச்சிருக்கேன். உங்க கால கொஞ்சம் பாருங்க.”

மாமா குனிந்து பார்த்தார். கால் ஆடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு மதியம் அண்ணன் வீட்டுப் பின்கூடம் எங்களுடையது. ஒன்பது பேர். ஆணோடு ஆண் ஆட ஆசைப்பட்டவர்கள், புடவை கட்டினால்தான் மூச்சு வந்தவர்கள். வாரத்தில் ஆறு நாள் மருத்துவமனையில் ராமையாவாக இருந்து புண்ணுக்குக் கட்டுப்போட்ட ஆள், அங்கே ராணி. அலுவலகத்தில் கணக்கெழுதிய நான் கதவை ஒட்டியே ஆடுவேன், பயந்த சுபாவம். பாட்டு மட்டும் நிற்கக்கூடாது. “நின்னா எல்லாருக்கும் வெக்கம் வந்துரும்லா,” என்பார் அண்ணன்.

அது கம்யூனிஸ்டுகளை வேட்டையாட வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம்; கூட்டம் கூடினாலே சந்தேகம். சுதந்திரத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது யாரோ போய்ச் சொல்லிவிட, ஒரு தமிழ் இன்ஸ்பெக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கம்யூனிஸ்டுகளைத் தேடி வந்தவர் முன்னால் ராணி, மாம்பழ நிறப் புடவையில். என் வேலை போச்சு, ராணி வேலை போச்சு, ஒன்பது குடும்பத்து மானமும் போச்சு என்று எண்ணி முடித்தேன்.

“என்னய்யா கூட்டம்? பெர்மிட் இருக்கா?”

அண்ணன் பெட்டியை விட்டு நகரவில்லை. “கூட்டம் இல்லீங்க ஐயா, ஒத்திகை. மெர்டேக்கா சுதந்திர விழாவுக்கு நம்ம திடல்ல ஆடப்போறோம்.”

“இந்தச் சேலையிலயா?”

“இது ஒத்திகைச் சேலைங்க. அன்னிக்குப் பட்டு.”

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். “நானும் வருவேன். ஆடலன்னா ஒருத்தர் விடாம அள்ளிட்டுப் போயிருவேன்.”

அவர் போனதும் ராணி பாய்ந்தாள். “அடப்பாவி அண்ணே! ஊரு முன்னாடியா?”

“ஆடாட்டி லாக்கப்பு. ஆடினா ஊரு பேசும். எது வேணும்?”

ராணி யோசித்தாள். “பட்டு வேணும்.”

அந்த நாள் வந்தது. திடல் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் ஒன்பது பேரும் ஏறி நின்றோம். நாடகத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டுவது ஊருக்குப் பழக்கந்தான். விழாக்குழுத் தலைவர் ஒலிபெருக்கியில், “நாடகக் கோஷ்டிதானே? வேஷந்தானே இது?” என்று கேட்டார். ஆமாம் என்றால் தப்பித்தோம். அண்ணன் ராணியைப் பார்த்தார். ராணி பட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு, இல்லை என்று தலையசைத்தாள்.

அண்ணன் மைக்கை வாங்கினார். “வேஷம் இல்லீங்க. இவங்க என் வீட்டு ஆளுங்க.” சொல்லிவிட்டு ஊசியை இறக்கினார்.

ராணி ஆடிய ஆட்டத்தில் மேடைப் பலகை இரண்டு பெயர்ந்தது. ஆட்டம் முடிந்ததும் முதலில் கைதட்டியவர் இன்ஸ்பெக்டர். முணுமுணுத்தவர்களும் உண்டு, எண்ணினேன், பதினொரு பேர். ராணியின் வேலை போகவில்லை. வார்டில் இரண்டு நோயாளிகள் மறுநாள் முதல் “அக்கா” என்றே கூப்பிட்டார்களாம்.

நாங்கள் பிறந்து வளர்ந்த ஒன்பது வீட்டிலும் எங்களைத் தம் ஆள் என்று வாய்விட்டுச் சொன்னவர் ஒருவர் இல்லை. அண்ணன் அதை ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்.